வளைந்து தெரிந்த கை

திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், “பந்து போடுறப்ப என் கை வளையலன்னு கேமரா எப்பிடிண்ணே சொல்லும்?” என்று கேட்டாள். அவள் கையில் கிரிக்கெட் பந்து இருந்தது. பக்கத்தில் அவள் அண்ணன். படப்பிடிப்பில் கேமரா வேலையாம்.

“கையை மடக்கி எறியிறதாச் சொல்லி ஒன்னைய டீம்லேருந்து நிப்பாட்டினது போன் வீடியோவை வச்சுத்தானே? போன் படத்தை மேலேருந்து கீழ வரிவரியா எடுக்குது. அதுக்குள்ள கை நகந்துருது. நேரான கையும் வளைஞ்சு தெரியும்.”

“நேத்து எடுத்தது?”

“அது சினிமா கேமரா. லென்சுக்கு முன்னால தனியா ஒரு ஷட்டர் மாட்டினோம். எல்லா வரியும் தயாரான பொறகுதான் அது சட்டுனு தொறந்து மூடும்; முழுப் படமும் ஒரே நேரத்துல பதியும். இந்தா பாரு, கை நேரா இருக்கு.”

அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“நிப்பாட்டினதிலேருந்து நான் கையை நேரா வச்சுப் போடத்தானே பழகுறேன்? இது ஷட்டரால நேரா இருக்கா, பழகினதால நேரா இருக்கா?”

“அப்ப பழைய மாதிரி போடு. மறுபடி எடுத்துப் பாப்போம்.”

அவள் கையை மெல்ல உயர்த்தி, பாதியில் நிறுத்தினாள்.

“பழைய மாதிரி எப்பிடிப் போட்டேன்னே தெரியலண்ணே.”