உறுதுணை

பாடுகிறவர்களுக்குப் பனங்கற்கண்டுப் பால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை, அம்மையீர். பால் தொண்டையில் ஆடை கட்டும். மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் ஒரு குவளை, விடியுமுன், வெறும் வயிற்றில்; என் மாணவர் அனைவருக்கும் அதையே விதித்திருக்கிறேன். மகிழினியும் அதைத்தான் குடித்துவந்தாள். அவள் மெலிந்ததற்கு நான் பட்டினி போட்டதே காரணம் என்று அவள் அண்ணன் தங்களிடம் கூறியிருப்பது சரியன்று. நான் யாரையும் பட்டினி போட்டதில்லை. கேட்டவர்க்கு என் இடத்தில் உணவு உண்டு. அவள் கேட்கவில்லை.

டாக்டர் ரோஸ்மேரி அவர்களே, தாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மகிழினியின் கைபேசிச் செயலியிலிருந்து எனக்கு எச்சரிக்கை வந்தபோதெல்லாம் நான் உடனே திறந்து பார்த்திருக்கிறேன் என்று தங்கள் கணினி காட்டுகிறது. பார்த்தும் ஏன் ஒருமுறைகூடத் தங்களை அழைக்கவில்லை என்கிறீர்கள். கணினி காட்டுவது உண்மை. நான் எதையும் பார்க்காமல் விட்டதில்லை. காரணத்தைச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகே எங்கள் குடும்பத்து மிளகாய் மண்டி இருக்கிறது. தெற்கேயிருந்து வந்து தந்தையார் தொடங்கியது. இப்போது தம்பி நடத்துகிறான். நான் பள்ளியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். திருமணம் செய்துகொள்ளவில்லை. மண்டியின் மாடியில் பதிகங்களைப் பண்ணோடு ஓதக் கற்பிக்கிறேன். கீழே மூட்டை பிரித்தால் கமறல் மேலே ஏறிவரும். புதிய மாணவர்கள் கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பக்தி மிகுந்த பிள்ளைகள் என்று வருகிறவர்கள் வியப்பார்கள். நான் மறுத்ததில்லை.

கீழே காம்பு கிள்ளும் பெண்களில் ஒருத்தி கெங்கம்மா. வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வருகிறவள். மகள் மகிழினி கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடக்கிறாள் என்றும், தனியே விட அச்சமாக இருக்கிறது என்றும் சொல்லி அவளையும் உடன் அழைத்துவரத் தொடங்கினாள். அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். யாரோடும் பேசமாட்டாள். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின், நான் கற்பித்த பதிகம் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்தது.

அந்தக் குரலைப் பற்றித் தங்களுக்குச் சொன்னால் விளங்குமா என்று தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக நான் ஓதிய வரிகள் அவை. அவற்றின் பொருளை அன்றுதான் கேட்டேன். கிணற்றின் அடியில் கிடப்பவன் மேலே தெரியும் வட்ட வானத்தை அழைப்பதுபோல் அழைத்தாள். வேண்டுகிறோம் என்ற பாவனை இல்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வூரின் கதை தாங்கள் கேட்டிருப்பீர்கள். கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய அடியார் ஒருவரின் கண்ணொளியை இறைவன் பறித்துக்கொண்டான். அவர் வழிநெடுகத் தடுமாறி, விழுந்து, அழுது பாடியவற்றை இன்றும் ஓதுகிறோம். அவருக்குக் கண் இருந்திருந்தால் நமக்கு அந்தப் பாட்டு இல்லை. இறைவன் பாட்டைப் பெற்றுக்கொள்ளும் முறை அது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு அவளைத் தங்களிடம் அழைத்து வந்தார்கள். தாங்கள் மாத்திரை கொடுத்தீர்கள். சில மாதங்களில் அவள் தேறினாள். நோய் மீண்டும் வராமல் காக்கும் என்று சொல்லி, அவளுடைய கைபேசியில் அந்தச் செயலியையும் ஏற்றிக் கொடுத்தீர்கள்.

தேறியபின் அவள் பாடியதை முதன்முறை கேட்டபோது எனக்குக் குமட்டியது. மிகைப்படுத்தவில்லை, எழுந்துபோய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தேன். சுருதி சுத்தமாக இருந்தது. தாளம் தவறவில்லை. அடகுக்கடை நாட்காட்டியில் தெய்வம் கன்னம் சிவக்கச் சிரிக்குமே, அப்படி இருந்தது பாட்டு. முடித்துவிட்டு, "இன்னைக்கு நல்லா வந்துச்சுல்ல ஐயா?" என்று கேட்டாள். பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கறி மசாலா வாடை அடித்தது.

செயலியை அவளே எனக்குக் காட்டினாள். முட்டையின் மஞ்சள் கருவில் கண்ணும் வாயும் வரைந்தாற்போன்ற முகம். மாலைதோறும் அந்த வாயை விரலால் இழுத்து, அன்றைய மனநிலையைத் தெரிவிக்க வேண்டுமாம். குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டும் தொனியில் ஒரு பெண் குரல், இன்றைக்கு நடந்த நல்லவை என்னென்ன என்று கேட்டது. மகிழினி எழுதியிருந்ததைப் படித்தேன். மழை வந்துச்சு. அம்மா மீன் கொழம்பு வச்சாங்க. அனிஷா செம்மையா கலாய்ச்சா. கல்லைக் கரைத்த நாவு மீன்குழம்பை நன்மைகளின் கணக்கில் சேர்த்திருந்தது. அந்தத் திரையைத் தொட்ட விரலை நான் வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

செயலியில் உறுதுணை என்று ஒருவரைக் குறிக்க வேண்டும். கெங்கம்மாவிடம் இருப்பது பொத்தான் கைபேசி. அண்ணன் பீம்ராவ் மணலி புதுநகர்ப் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை. உள்ளே போனால் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே என்னைக் குறித்தாள்.

"மறுபடியும் வந்துச்சுன்னா எனக்கு வாயே வராது ஐயா. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவேன், நம்பாதீங்க. உங்க போன்ல இது சொல்லும். சொன்னா டாக்டரம்மாக்கு ஒரு போன் போட்டுடுங்க. அவ்ளோதான், வேற எதுவும் வேணாம்."

சரி என்றேன்.

அன்றிலிருந்து உறுதுணைக்கு உரிய அறிவுரைகள் எனக்கு வாரந்தோறும் வந்தன. நல்ல தமிழில் இல்லை; பொருள் தெளிவு. உங்கள் அன்புக்குரியவர் நன்றாகத் தூங்குகிறாரா என்று கவனியுங்கள். நண்பர்களோடு பழக விடுங்கள். சிறிய வெற்றியையும் பாராட்டுங்கள். நெடுநேரம் தனியே விடாதீர்கள். இவை தவறினால் நோய் திரும்பக்கூடும். பொறுமையாகப் படித்தேன். ஒரு கோயிலுக்குப் போகும் வழியை ஒருவன் விரிவாகச் சொன்னால், அங்கிருந்து திரும்பி வரும் வழியையும் சொல்லிவிட்டான் என்றுதான் பொருள்.

வகுப்பை விடியலுக்கு முன் மாற்றினேன். பண்ணிசைக்கு அதுவே தக்க பொழுது. எந்த ஆசிரியரும் ஒப்புவர். அவள் வியாசர்பாடியிலிருந்து முதல் பேருந்தைப் பிடிக்க எந்த நேரத்தில் எழுந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் பாடி முடித்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் ஏட்டைப் புரட்டுவேன். முன்பு "நன்று" என்று ஒரு சொல் சொல்வதுண்டு. அதை நிறுத்தினேன். தனிப்பயிற்சிக்கு மண்டியின் பின்கட்டை ஒதுக்கினேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம், சன்னல் இல்லை, ஒலி சிதறாது.

தோழி அனிஷா ஒரு மாலையில் வாசலுக்கு வந்தாள். மண்டிக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கிறவரின் மகள்.

"சார், மகி இருக்காளா? கடற்கரைக்கு நடக்கப் போறோம். அவ ஆப்பே நடக்கச் சொல்லியிருக்கு."

"பயிற்சியில் இருக்கிறாள்."

"எப்பப் பாத்தாலும் பயிற்சியா? விட்டா நான் தும்முற தும்மலுக்கும் தாளம் போடுவீங்க போல." தும்மினாள், சிரித்தாள். "வந்தேன்னு சொல்லுங்க சார். மறுபடி வர்றேன்."

மறுபடியும் வந்தாள். பிறகு வரவில்லை. மகிழினி, தன்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டபோது, யாரும் வரவில்லை என்றேன்.

மாத்திரையில் நான் கைவைக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மருத்துவன் அல்லன்.

மார்கழி கழிந்தபோது குரல் கனியத் தொடங்கியது. முதலில் மேல் ஸ்தாயியில் ஒரு நடுக்கம். பிறகு சொற்களுக்கு நடுவே மூச்சு விடும் இடங்களில் ஒரு வெறுமை. மஞ்சள் முகம் என் கைபேசியில் நிறம் மாறி மாறி வந்தது. மாம்பழத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். தாங்கள் கணினியில் கண்டவை அவைதாம்.

ஒருநாள் பின்கட்டிலிருந்து எழுந்து வந்து என் முன் நின்றாள். வியாசர்பாடிப் பேச்சை நான் மிகுந்த முயற்சியோடு அவள் நாவிலிருந்து களைந்திருந்தேன். அன்று அது திரும்ப வந்தது.

"நான் எல்லாருக்கும் பேஜாரா கீறேனா ஐயா?"

அன்புக்குரியவர் தம்மைப் பாரம் என்று நினைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று செயலி கூறியிருந்தது. இல்லை என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும்.

"கீறேனா அன்று, இருக்கிறேனா" என்றேன்.

அவள் "இருக்கிறேனா" என்று ஒருமுறை திருத்திச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அன்று அங்கிருந்து வந்த பாட்டைக் கேட்டு, கீழே கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கெங்கம்மா மட்டும் தலை நிமிரவில்லை.

கோயிலில் அவள் ஓத வேண்டிய மாசி இசை நாளுக்குச் சில நாள் முன் பீம்ராவ் வந்தான். ஒரு பை நிறையக் கமலாப்பழம் கொண்டுவந்திருந்தான்.

"சாரு, தங்கச்சி மூஞ்சே சரியில்ல. துன்ன மாட்டேங்குது, பேச மாட்டேங்குது. கேட்டா நல்லாத்தான் கீறேன்னுது. உங்க போன்ல எதுனா வந்துச்சா?"

"ஒன்றும் வரவில்லை."

"மெய்யாலுமா?"

"வந்தால் சொல்லமாட்டேனா?"

முகம் தெளிந்தான். "அப்போ ஓகே. சும்மா பயந்துட்டேன் நைனா. எங்கம்மா இன்னா சொல்லுது தெரியுமா? உங்க மொளகா நெடிக்குப் பேய் வந்தாலும் தும்மிக்கினே ஓடிருமாம்." தானே சிரித்தான். "நீங்க பாத்துக்கினு கீறீங்கன்ற தெம்புலதான் நான் நைட் ஷிப்ட்டுக்கே போறேன்."

என் வாழ்நாளில் நான் கூறிய பொய் அது ஒன்றே. அதற்காக அடுத்த பிரதோஷத்தில் நீரும் அருந்தாமல் இருந்தேன். பழங்கள் இனிப்பாகவே இருந்தன.

இசை நாளன்று மணலி ஆலைகளின் பக்கத்திலிருந்து காற்று. அழுகிய முட்டை வாடை மண்டபத்துக்குள் வந்து தங்கிவிட்டது. வந்திருந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகிழினியை மேடையில் உட்கார்த்தினார்கள். உட்கார்த்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். கையைப் பிடித்து அழைத்துவந்தால் வந்தாள், விட்டால் நின்றாள். ஓதத் தொடங்கினாள்.

கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த நாற்றத்தை எல்லோரும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கேட்டார்கள். இதைவிட என்ன சொல்வது? எல்லா அணைப்பும் நீங்கிய ஓர் உயிர், யாரும் இல்லாத திசையை நோக்கி அழைத்தது. முன்வரிசையில் முதியவர் ஒருவர் தேம்பினார். நானும் அழுதேன். அவள் அழவில்லை. பாட்டு நின்றபின்னும் அவள் வாய் சற்றே திறந்திருந்தது.

தீபாராதனையின்போது என் கைபேசி அதிர்ந்தது. சிவப்பு முகம். உடனே உதவி தேவைப்படலாம் என்ற வரியும், கீழே தங்கள் எண்ணும் இருந்தன. மேடையேறும் முன் அவளே அந்த வாயை அடிவரை இழுத்துவிட்டிருக்கிறாள். செய்தி வந்துசேரத் தாமதமாகியிருக்கிறது. அதுதான் அவள் எனக்குச் சொன்ன கடைசிச் செய்தி. தீபம் காட்டும்போது கைபேசியைப் பார்ப்பது முறையன்று. அணைத்து மடியில் செருகிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது.

மற்றதைத் தாங்கள் அறிவீர்கள். மீன் விற்கும் சிலுவையம்மாள் இந்த மருத்துவமனையில் அவள் கிடக்கும் வார்டின் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் கேட்டேன்.

"கடலாண்ட கல்லு மேல குந்திக்கினு கீது பொண்ணு. அலை இடுப்பு வரிக்கும் அடிக்குது, நவுருவனான்னுது. இன்னாடி, உனுக்கு வூடு வாசல் இல்லியான்னு கேக்குறேன், பாக்குது, பாக்குது, அவ்ளோதான். கூடையைப் போட்டுட்டுத் தரதரன்னு இஸ்துக்கினு வந்தேன். பெத்தவங்க எங்கடா போனீங்க, கஸ்மாலங்களா."

அந்தச் சொற்களின் அழுக்கு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆம், அம்மையீர். அவளுடைய நோய் திரும்ப வேண்டும் என்று விரும்பினேன். திரும்பி வரும் வழியைத் தாங்கள் அனுப்பிய அறிவுரைகளிலிருந்தே கற்றேன். அது படிப்படியாக வருவதைக் கண்டேன். ஒவ்வொரு படியிலும் தங்களை அழைத்திருக்கலாம், அழைக்கவில்லை. மறந்ததாகவோ அறியாததாகவோ எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் வெறுப்பினால் செய்தேன் என்றும் எழுத வேண்டாம். அவளிடம் அந்தக் குரல் இருக்கிறது என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. தாங்களும் கேட்கவில்லை. அவளை உள்ளபடி கேட்டவன் நான் ஒருவனே.

நேற்றுப் பிற்பகல் வந்திருந்தேன். பீம்ராவ் இல்லை. கெங்கம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது போலும். என்னைக் கண்டதும் எழுந்து முக்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்கதான் சாமி மறுபடியும் அதைப் பாட வைக்கணும்" என்று சொல்லி என் காலைத் தொட்டாள். தேநீர் வாங்கிவரக் கீழே போனாள். மகிழினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் பேசிப் பல நாள் ஆகிறது என்கிறீர்கள். பேசவில்லைதான். ஆனால் நான் அருகில் உட்கார்ந்த சற்று நேரத்தில், என் செருமலைக் கேட்டிருப்பாள், அவளிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. உடம்பைச் சுருட்டிக்கொண்டாள். முனகல் நிற்கவில்லை, கெங்கம்மா படியேறி வரும்வரை நீடித்தது.

அச்சம் என்று தாங்கள் சொல்வீர்கள். அது அவள் எப்போதும் பாடும் சுருதியிலேயே இருந்தது. இம்மியும் பிசகவில்லை.

அந்த முனகலைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். கதவைச் சற்றுச் சாத்துங்கள், போட்டுக் காட்டுகிறேன்.