ரேம் வாங்கப் போன அண்ணன்

— கம்பியைக் கீழ வைண்ணா. வச்சுட்டு இந்த டார்ச்சைப் பிடி.

— வச்சுட்டேன் பாப்பா. வரட்டும் உன் புருஷன். வாசல்லயே மண்டையைப் பொளந்துடறேன் பாத்துக்க. உதட்டைக் காட்டு. பல்லு போச்சா?

— ஒண்ணு போச்சு. பக்கத்துப் பல்லு ஆடுது. வெளிச்சத்தை ஆட்டாத.

— நாய்ப்பய! முடியைப் பிடிச்சு மேசையில மோதினானாமே?

— மோதினாரு. ரத்தம் தெறிச்சு திரையில பட்டப்பதான் மேல கேமரா லைட் எரியறதைப் பார்த்தாரு. உடனே கம்ப்யூட்டரை உதைச்சு, மூடியைப் பிச்சு, கைக்கு வந்த ரேம் பட்டை ரெண்டையும் பிடுங்கி ஒடச்சுட்டாரு.

— அய்யய்யோ, அப்ப படம் போச்சா?

— படம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அது அடியில, அவர் கண்ணுல படல. ரேம் போட்டா மிஷின் எந்திரிச்சுடும். எனக்குன்னு இருக்கற சாட்சி அது ஒண்ணுதான். வாங்கிட்டு வந்தியா?

— இந்தா. கடையில இருக்கறதுலயே வேகமானதா குடுடான்னேன்.

— அண்ணா, இது டிடிஆர் அஞ்சு. இந்த போர்டுக்கு டிடிஆர் நாலுதான் சேரும். போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே.

— நாலை விட அஞ்சு ஒசத்திதானே? போடு.

— ஒசத்தி தாழ்த்தியெல்லாம் இல்ல. இங்க பாரு, இதோட அடியில ஒரு வெட்டு இருக்கா? போர்டு பள்ளத்துக்குள்ள ஒரு மேடு இருக்கா? அந்த மேடு இந்த வெட்டுக்குள்ள உக்காரணும். இது தள்ளி நிக்குது.

— துளியூண்டு தள்ளி இருக்கு, அதுக்கு இவ்ளோ பேச்சு! குடு இங்க. ஒரு அமுக்கு அமுக்கினா தன்னால வழிக்கு வரும் பாத்துக்க.

— ஐயோ, அமுக்காத! பள்ளம் விரிசல் விட்டா போர்டே போயிடும். விடுண்ணா!

— எதுத்துக்கிட்டு நிக்கறதை அமுக்கித்தான் உக்கார வைக்கணும்.

— இதையேதான் அவரும் சொன்னாரு. என் தலையைப் பிடிச்சுக்கிட்டு.

— என்னையும் அவனையும் ஒண்ணாக்காத! மிச்சப் பல்லையும் பேத்துடுவேன்!

— அண்ணி கையில கட்டு போட்டிருந்தாங்களே, என்னாச்சு?

— படியில விழுந்தா. இப்ப எதுக்கு அவ பேச்சு? கடைக்குப் போய் மாத்திட்டு வரேன். மாத்தித் தரலேன்னா அவன் கண்ணாடி மேசை முழுசா இருக்காது.

— போக வேண்டாம். சரியான ரேம் என்கிட்டயே இருக்கு. பாரு, வெட்டு நேரா மேட்டு மேல வந்துடுச்சு. ரெண்டு ஓரமும் டிக்குன்னு கவ்விக்கிச்சு. விரல் பலம் போதும். இதோ, சுவிட்சும் போட்டாச்சு.

— இருக்கா? அப்ப என்னை ஏன்டி கடை கடையா அலைய விட்ட?

— நீ உன் வீட்ல இல்லாம இருக்கணும்னுதான்.

— என்ன உளர்ற? ஏது இந்த ரேம்?

— அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் கேமரா வச்ச ஒரே மாதிரி மிஷின் வாங்கிக் குடுத்தாரே, மறந்துட்டியா? இது உன் மிஷின்ல இருந்தது.

— எவ கழட்டினா? அவளா? என் பொருள் மேல கை வைக்கற அளவுக்கு வந்துட்டாளா? இன்னொரு கையையும் ஒடச்சாத்தான்...

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட?

— கதவைத் தட்டறான். வந்துட்டான் உன் புருஷன். நகரு. கம்பி எங்க?

— என்கிட்ட இருக்கு. தட்டறது அவர் இல்ல, போலீஸ். நான்தான் வரச் சொன்னேன்.

— நல்லதாப் போச்சு! மிஷின்தான் எந்திரிச்சுடுச்சே, போடு அந்தப் படத்தை. அந்த நாய் உள்ள கிடந்து சாகட்டும்.

— போடறேன். அண்ணி, உள் ரூமைத் திறந்துக்கிட்டு வாங்க. உங்க பென் டிரைவையும் எடுத்துட்டு வாங்க. முதல்ல உங்க படத்தைப் போடலாம்.