இடது கால் சாக்ஸ்

பிரயாணத்தில் பின்னுவதற்கு சாக்ஸை விடத் தோதானது எதுவும் இல்லை. ஸ்வெட்டர் என்றால் மடி முழுக்க அடைத்துக்கொள்ளும், பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சாக்ஸ் கைப்பையில் ஒரு மூலையில் கிடக்கும். ரயில் கிளம்பினால் எடுக்கலாம், டிக்கெட் பரிசோதகர் வந்தால் உள்ளே போட்டுவிடலாம். விமான நிலையத்து வரிசையில் நின்றபடியே பின்னியிருக்கிறேன். இங்கேயும் நீங்கள் கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டுதான் இருந்தேன். ஊசிகளை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பரவாயில்லை. மூங்கில் ஊசி, அதை வைத்து யாரை என்ன செய்துவிட முடியும்.

மொழிபெயர்க்கிற இந்தப் பெண்ணுக்காக மெதுவாகவே சொல்கிறேன். அவளுக்குப் பின்னல் தெரியாதாம். புரியாததை நடுவில் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். ஐம்பதைத் தாண்டிய என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய கணவர் இறந்தபோது மகன் கைக்குழந்தை. கொஞ்ச நாள் ஒத்தாசையாக இருக்கலாம் என்று ஒரு பெட்டியோடு போனேன், அப்படியே தங்கிவிட்டேன். அவள் ஆபீசுக்குப் போனாள். வீடு, சமையல், பையனின் பள்ளிக்கூடம், காய்ச்சல் எல்லாம் என் பொறுப்பு. என் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கூடவே ஏதாவது ஒரு இடைஞ்சலும் வந்தது. யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. வந்த சர்க்கரை பாதத்து உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் கட்டிலடியில் கிடந்த சட்டைப் பொத்தானை மிதித்திருக்கிறாள். அது உள்ளங்காலில் பதிந்து கிடப்பதே தெரியாமல் வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாள். நான்தான் பார்த்து எடுத்தேன். தினமும் சாயங்காலம் பாதத்தைப் பார்க்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டார். "குனியறதுக்கு இந்தத் தொப்பை விட்டாத்தானே" என்றாள் அக்கா. அன்றிலிருந்து நான் பார்க்க ஆரம்பித்தேன்.

டார்ச்சை அடித்துக் குதிகால், விரலிடுக்கு, பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடம் எல்லாம் பார்ப்பேன். அக்கா பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்பாள். "நல்லாருக்கு" என்பேன். பேப்பரின் அடுத்த பக்கம் புரளும். என்னைத் தவிர வேறு யாரும் அந்தப் பாதங்களைப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

சாக்ஸ் பின்ன ஆரம்பித்ததும் அவளுக்காகத்தான். கடை சாக்ஸில் விரல் நுனியில் தடிப்பாக ஒரு தையல் ஓடும், மேலே எலாஸ்டிக் சதையைக் கவ்வும். என் சாக்ஸில் தையலே கிடையாது. குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போவேன். பின்னும்போது நூல் தீர்ந்தால் மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள். சாக்ஸ் பின்னுகிறவள் போட மாட்டாள். பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்துப் பிடித்து நாலு கண்ணி பின்னிவிட்டால் போதும், தடம் தெரியாது. சாக்ஸுக்குள் முடிச்சு இருந்தால் அது ஷூவுக்குள் கிடக்கும் கல்லுக்குச் சமம்.

ஓய்வு பெற்றதும் அக்காவே இந்தப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்தாள். விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபின், மகன் இருக்கும் நகரத்துக்கு நேராக வராமல், ரயிலில் ஊர் ஊராக இறங்கித் தங்கி வருவதாகத் திட்டம். "உனக்கு நூல் கடை, எனக்குக் காபி. அவசரமே இல்ல பாப்பா" என்றாள். ஒவ்வொரு ஊரிலும் நூல் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். அலமாரி முழுக்க நிறம் நிறமாக நூல் அடுக்கியிருக்கும். கையால் தொட்டுப் பார்க்கலாம், கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "இத்தனையும் பின்னி முடிக்க உனக்கு எட்டு கை வேணும்டீ" என்று கேலி பண்ணுவாள். பிறகு, "வாங்கிக்கோ, வாங்கிக்கோ. நகை கேட்டியா, நட்டு கேட்டியா? நூல்தானே கேக்கறே" என்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இரண்டாவது ஊரிலிருந்து கிளம்பிய ரயிலில் அதைச் சொன்னாள்.

"எனக்குக் கீழ் ரூமை ஒழிச்சு வச்சிருக்காங்களாம். நான் அவன்கூடவே இருந்துடப்போறேன் பாப்பா."

"நான்?"

"நீ நம்ம வீட்டுக்குப் போ. உன் பேருக்கு எழுதிட்டேன். இனிமே யாருக்கும் ஆக்கிப் போட வேணாம், யார் காலையும் பிடிக்க வேணாம். நிம்மதியா இரு. எனக்காக எவ்வளவு பண்ணியிருக்கே."

"அக்கா, உன் காலை யாரு பார்க்கிறது?"

"மருமக பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. நல்ல பொண்ணு."

முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்கு விடுதலை கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. அவள் இல்லாத வீட்டில் நான் யாருக்காகக் காலையில் எழுந்திருப்பது? கோபமும் வந்தது, மறைக்கவில்லை. இத்தனை வருஷம் நான் பார்த்த காலை நேற்று வந்த ஒருத்தி பார்ப்பாளாம். "உன் இஷ்டம்கா" என்று சொல்லிவிட்டு விட்ட வரிசையிலிருந்து பின்னினேன்.

அடுத்த ஊரின் நூல் கடை, சாவி வெட்டிக் கொடுக்கும் கடைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் இருந்தது. கடைக்காரம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். நான் கேட்ட கரும்பழுப்பு நூலைச் சுற்றிக் கொடுக்கும்போது நடுவில் ஒரு முடிச்சு வந்தது. ஆலையில் நூல் அறுந்த இடத்தில் முடிந்துவிட்டிருக்கிறார்கள். 'ச்ச்' என்று உச்சுக்கொட்டி அந்த உருண்டையை ஒதுக்கி வைத்தார். தன் பாதத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தார். எனக்குத் தெரியாதா என்ன. வேறு உருண்டை எடுத்து வந்தார். நான் ஒதுக்கியதையும் சேர்த்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அதைச் சும்மாவே பையில் போட்டார். எதற்கு என்று அக்கா கேட்டிருந்தால், நல்ல நூல், வீணாகப் போகிறதே என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த உருண்டையைத்தான் முதலில் பின்னினேன். இடது கால் சாக்ஸில், சரியாகப் பெருவிரலுக்குக் கீழே, அக்கா அழுத்தி மிதிக்கிற இடத்தில் முடிச்சு வந்தது. பார்த்தேன். நாலு வரிசை பிரித்தால் தீர்ந்துபோகிற சமாச்சாரம். ரயில் ஆடுகிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அப்புறம் பார்க்கவில்லை. ஜோடி முடிந்த மறுநாள் அக்கா அதைப் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடந்தாள். சாயங்காலம் டார்ச் அடித்தபோது அந்த இடம் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கெட்டவள் என்று எழுதிவிடுவீர்கள். சின்னதாக ஒரு புண் போதும். நாங்கள் வந்து சேரும்போது அது அங்கே இருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் மருமகளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் நிதானமாகக் கழுவிக் கட்டுப் போடுவேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "சித்தி, நீங்க இங்கயே இருந்துடுங்க" என்பான். நான் வளர்த்த பிள்ளை, நிச்சயம் சொல்லியிருப்பான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் இன்னும் சில ஊர்கள் பாக்கி இருந்தன. அதற்குள் புண் ஆறிவிடக் கூடாது. ஒரே சாக்ஸை எத்தனை நாள் போட முடியும்? வீட்டிலிருந்து கொண்டு வந்த ஜோடிகளை எடுத்து, இடது சாக்ஸ்களில் மட்டும், உள்பக்கம் அதே இடத்தில் நானே முடிச்சு வைத்தேன். தினமும் மாட்டிவிடுகிறவளும் நான்தானே, கால் மாறாது. முதல் முடிச்சு மிளகைவிடச் சின்னது. மற்றவை கொஞ்சம் பெரிது. வலது கால் சாக்ஸ் ஒன்றில்கூட நீங்கள் குறை காண முடியாது. உங்களிடம்தானே இருக்கின்றன, உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

சிவப்பு கொப்புளமானது, கொப்புளம் உடைந்தது. நான் மருந்து வைக்கவில்லை. வைத்தால் வாசனை வரும், எதற்கு என்று கேட்பாள். பழுப்பு நூலில் கறை தெரியாது. ஓட்டல் குளியலறையில் சாக்ஸைத் தனியாக அலசி ஜன்னல் கம்பியில் போட்டேன். பிறகு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலங்களில் குளிர் எடுத்தது. "ஊர் ஊரா தண்ணி மாறுதில்ல, அதான்" என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள்.

"பாப்பா, ஒரு மாதிரி வாடை வரலை?"

"நனைஞ்ச கம்பளி அப்படித்தான்க்கா வரும்."

"நீ சொன்னா சரிதான்" என்றாள்.

கடைசி ஊரில் அவள் படுத்தே இருந்திருக்கலாம். நானும் கடைக்குப் போகவில்லை என்றேன். எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டாள். "இந்தக் கடையை விட்டுட்டு அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பே. இதான் நாம சேர்ந்து போற கடைசிக் கடை. வா." கடை மேட்டுத் தெருவின் கோடியில் இருந்தது. ஒரு கை சுவரிலும் ஒரு கை என் தோளிலுமாக ஏறி வந்தாள். உள்ளே உட்கார்ந்தபோது நெற்றியில் வியர்வை வழிந்தது. அப்படியும் ஒரு வெள்ளை நூலைக் காட்டி, "இது உனக்கு. உனக்குன்னு ஒரு ஜோடி பின்னிக்கோ, உன் காலுக்கு யார் பின்னுவா?" என்றாள். அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுதேன், ஆனால் அன்று சாயங்காலமும் நல்லாருக்கு என்றுதான் சொன்னேன். அதற்குள் புண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிய ஆரம்பித்திருந்தது. எலும்பு என்று எனக்குத் தெரியும்.

மகன் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போனான். மருமகள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, காலைக் குடுங்க."

"நான் காலையிலேயே பாத்துட்டேம்மா. நல்லாருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் சித்தி. இனிமே நான்தானே பாக்கணும், பழகிக்கறேன்."

சாக்ஸை உருட்டிக் கீழே இறக்கினாள். பாதத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லத்தான் வந்தது. அவள் கத்தவில்லை. கணவன் பக்கம் திரும்பி, "வண்டியை எடுங்க" என்றாள். கையும் ஓடியது, காலும் ஓடியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மகனிடம், "பாப்பாவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கடா. அவ தினம் பாத்தா. நேத்துகூட நல்லாருந்துது. திடீர்னு வந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவு திரும்பவில்லை. சில நாளில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவின் பெட்டியை ஒழித்தவள் மருமகள். சாக்ஸ்களை எடுத்து உள்பக்கம் திருப்பி மேசைமேல் வரிசையாக வைத்தாள். இடது, இடது, இடது. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் முடிச்சு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களைக் கூப்பிட்டாள். மகன்தான் வாசல்வரை வந்து, "அம்மாவுக்கு வலிச்சிருக்குமா சித்தி?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மை. வலிக்காத இடமாகப் பார்த்துத்தான் செய்தேன்.

ஆகவே, நான்தான். முதல் முடிச்சைப் பார்த்தும் பிரிக்கவில்லை. மற்றதெல்லாம் என் கையால் போட்டது. தினமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் பொய் சொன்னேன், அதில் அவள் செத்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

மருமகள் கண்டுபிடித்துவிட்டாளே, அவளே ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டாளா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை. நான் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த கோட்டோடு உட்கார்ந்தாள், அக்காவின் காலைத் தொடும் முன் கையைக்கூடக் கழுவவில்லை. அப்படிப்பட்டவளை நம்பி என் அக்காவை எப்படி விட்டுவிட்டுப் போவது, நீங்களே சொல்லுங்கள்.