வண்டி வந்துகொண்டிருக்கிறது

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, தண்ணீர் போதும். நிதானமாகவே சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளின் கட்டமைப்பை வடிவமைத்தவன் நான். தொடங்கியபோது எதுவுமே நிச்சயமில்லை. எத்தனை வண்டிகள் ஓடும், சிக்னல் எங்கே அறுந்துபோகும், கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரியாததைத் தள்ளிப்போடுவதும் எங்கள் தொழிலில் ஒரு திறமைதான். பின்னால் மாற்றிக்கொள்ள இடம் விட்டு வைப்போம்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள், எதையும் லேசில் விடமாட்டாள்.

"சார், வண்டியோட தொடர்பு போயிடுச்சுன்னா திரையில என்ன காட்டும்?"

"வந்துகொண்டிருக்கிறதுன்னே காட்டட்டும்."

"அது நமக்குத் தெரியாதே சார்."

"தெரியலைன்னு போட்டா ஜனங்க பதறுவாங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அதை மாற்றுவது அரை நாள் வேலைதான். மென்பொருளை வாங்க வந்தவர்கள் முன்னால் திரையில் 'தெரியவில்லை' என்று வந்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அவளும் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். நானே ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறது, எட்டு நிமிடம் என்று கைப்பேசி காட்டியது. அந்த எட்டு குறையவே இல்லை. எண் அசையாமல் நின்றால் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, நீ செஞ்சதுதானே இது? நம்பி இருக்கலாமா, இல்ல கார்லயே போயிடலாமா?"

தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமை அடித்து வைத்திருந்தவள் அவள். அத்தனை பேர் முன்னால் இதை நம்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வந்துடும்கா, இரு" என்றேன். எஞ்சினை அணைக்கச் சொன்னதும் நான்தான். அத்தானின் உயிர் என் மடியிலேயே போனது.

வண்டி வழியில் பழுதாகி நின்றிருந்தது. ஓட்டுநர் அனுப்பிய தகவல் எங்கும் எட்டவில்லை. பழி அவர் தலையில் விழுந்தது. அக்கா அவரைச் சபித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து என் மனசாட்சி என்னைத் தின்கிறது. அந்த ஓட்டுநரை விட்டுவிடுங்கள். திரையை நம்ப முடியாது என்று தெரிந்தேதான் வரும் என்றேன். அத்தானைக் கொன்றவன் நான்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தம்பி கெட்டிக்காரன் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.