காதுக்குள் ஓடிய மோட்டார்

“…ஏத்தா, மூணு பேஸு கரண்டு வந்துருச்சு போல, நம்ம மோட்டாரு ஓடுதே!” என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார், எனக்கு முன் சீட்டில் இருந்த ஓடைப்பட்டித் திராட்சைக்காரர். காதில் செல்போன் வயர் மாட்டியிருந்ததால் அவர் சத்தம் அவருக்கே தெரியவில்லை.

“மெல்லப் பேசுங்கப்பா. நம்ம தோட்டத்து மோட்டாருதான். அதைப் பதிஞ்சு கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டித் தாளமாக்கியிருக்கோம். மேல கேக்குறது என் கிதாரு,” என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

சின்னமனூரில் ஏறியதிலிருந்து இவர்கள் வழக்கைத்தான் கேட்டு வருகிறேன். மகளும் கல்லூரித் தோழிகளும் ராக் ஆல்பம் ஒன்று செய்திருக்கிறார்கள். சாயங்காலம் மதுரையில் மேடை. கேட்டுப் பிடித்தால் போகலாம், இல்லையென்றால் தேனியோடு வீடு திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. டிக்கெட்டும் தேனிக்குத்தான்.

“பாட்டே வரலியேத்தா?”

“இதுல பாடமாட்டாகப்பா. சத்தந்தான் பாட்டு.”

“ஸ்டார்ட்டரைப் போட்டதும் ஒரு உறுமு உறுமுமே, அதையும் விடலியா நீ! அடி கள்ளி!”

பேருந்து தேனிக்குள் நுழைந்தது. மகள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“அண்ணே, பிள்ளைக்கு ஒரு பதிலச் சொல்லுங்க. எங்களுக்குல்ல நெஞ்சு அடிக்குது,” என்றாள் எதிர் சீட்டில் இருந்த பூக்கூடைக்கார அம்மா.

“சும்மா இருத்தா, இன்னும் முடியல!” என்று கத்தியவர், வயரைக் கழற்றாமலே மகளின் பையைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டு, கண்டக்டரைக் கைதட்டிக் கூப்பிட்டு மதுரைக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்.