ஐயரும் அறிவு மூலதனமும்

"கம்பனி அறிக்கையளை வாசிச்சு நீ என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாய்?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். கணக்கியல் படிக்கிறேன். அவருக்கான விடை காங்கேசன்துறை பஸ்ஸில் கிடைத்தது.

முன் சீற்றில் ஒரு பெண்ணும், அவளோடு வேலை செய்யும் நடுவயதுக்காரர் ஒருவரும் தங்கள் மென்பொருள் கம்பனியின் ஆண்டறிக்கையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, 'எங்கள் அறிவு மூலதனம்' எண்டு போட்ட படத்திலை நடுவிலை நிக்கிறது ஆர்?"

"வாணி விழாவுக்குச் சரஸ்வதி பூசை செய்ய வந்த ஐயரெல்லோ?"

"ஓம். கீழை 'ஆராய்ச்சிக் குழு' எண்டு கிடக்கு."

"பரவாயில்லை, மந்திரமெல்லாம் பாடமாக்கின மனுசன். பக்கத்திலை கடலைத் தட்டோடை முதலாளியின்ரை மச்சான்."

"அண்டைக்குக் கொம்பியூட்டரெல்லாம் பூசையிலை, ஒருத்தரும் தொடேல்லை. அதைத்தான் 'புத்தாக்கத்தில் மூழ்கிய தருணம்' எண்டு எழுதியிருக்கினம்."

"உன்னைக் காணேல்லையே பிள்ளை? மென்பொருளை எழுதினதே நீதானே?"

"படம் எடுத்தது நான். நேற்றுக் கூப்பிட்டு, அடுத்த மாசத்திலையிருந்து வேலைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவர் அந்தப் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப உந்த மென்பொருள் பழுதாய்ப் போனா ஆர் திருத்துறது?"

"ஐயரைக் கூப்பிடட்டும்."

கைபேசித் திரையில் கம்பனியின் பெயரை எட்டிப் பார்த்துக்கொண்டேன்; என் இறுதியாண்டு ஆய்வுக்கு அந்த அறிக்கையையே தெரிந்தெடுத்துவிட்டேன். தலைப்பை விரிவுரையாளருக்கு அனுப்பியாயிற்று. முதல் கேள்வி: இந்தப் படத்தை எடுத்தவர் இப்போது எங்கே?