ஒரு தறியை நிறுத்தியவர்

பிள்ளைகளே, நோன்பு மாதத்தில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில் கேட்டதைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு நெசவாளிகள் இருந்தார்கள். ஒருவர் மடியில் நெய்த சாறன்களின், அதாவது கைலிகளின், பெரிய கட்டு. மற்றவர் நாலாவது தறி வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

“மூணு தறியில ஒண்ட நிப்பாட்டின பொறகுதான் மச்சான் எனக்குச் சாறன் கூடிச்சு!” என்றார் கட்டு வைத்திருந்தவர்.

“நோன்புக் களைப்பு தலைக்கு ஏறிட்டா மச்சான்?”

“இல்லடா! உன்ட தறிகளுக்கு நூல் சுத்துறது யாரு?”

“என்ட பொண்டாட்டிதான்.”

“அவ சுத்தித் தாற வரைக்கும்?”

“தறியில சும்மா இரிப்பம்.”

“நாங்களும் அப்பிடித்தான் இரிந்த. இப்ப என்ட தறிய நிப்பாட்டிட்டு, என்ட பொண்டாட்டிக்குப் பக்கத்தில இன்னொரு ராட்டையப் போட்டு நானும் நூல் சுத்துறன். என்ட தம்பிமார் நெய்யிற மத்த ரெண்டு தறியும் ஓயிறதே இல்ல!”

“ஆம்புள ராட்டை சுத்துறதா? ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்! பெருநாளைக்கு முந்திக் குடுக்காட்டி நம்மட சாறன வாங்குற முதலாளி கப்பல்ல வாற வெளிநாட்டுச் சாறன எடுத்திருவாரு. பொறகு நம்மளத் தேடுவாரா? நீ வாங்கப்போற தறியும் உன்ட பொண்டாட்டிட கையப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கும்.”

மற்றவர், வழியில் நிந்தவூர் வந்ததும் துள்ளி எழுந்தார்.

“கண்டக்டர், நிப்பாட்டுங்க! இறங்கணும்!”

“எங்கடா? தறி வாங்கல்லியா?”

“தறி வேணாம் மச்சான்! ஊருக்குத் திரும்பிப் போய்த் தச்சனப் புடிக்கணும். இண்டைக்கே ஒரு ராட்டை செய்விக்கணும்!”